மூலைக் கசிவு

ஜூன் 9

அன்புள்ள அத்தானுக்கு,

சின்னவள் எழுதுகிறேன். நானும் அப்பாவும் வாண்டுவும் நலம். மலை மேல் காற்று உங்களுக்கு ஒத்துக்கொண்டதா, முதுகுவலி எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். அங்கே போன் எடுக்காது என்பதால் இனிமேல் நமக்குக் கடிதம்தான் கதி.

நீங்கள் வீட்டைக் காலி செய்து ஏற்றிவிட்ட லாரி இங்கே வந்து சேர்ந்தது. கட்டில், பீரோ, அக்காவின் தையல் மெஷின் எதற்கும் சேதமில்லை. மீன்கள் எங்களோடு பஸ்ஸில் வந்தன. என் மடியில் வாண்டு, அவள் மடியில் மீன் பை. வழி முழுக்க அவளுக்குப் பேச்சு மீன்களோடுதான், என்னோடு இல்லை. அக்கா வாங்கிய ஏஞ்சல் ஜோடியும் கறுப்பு மோலிகளும் உயிரோடு இருக்கின்றன.

தொட்டி உடையவில்லை. ஆனால் நீங்கள் கையால் செய்த ஃபில்டர் பீரோவுக்கு அடியில் மாட்டி அப்பளமாகிவிட்டது. மீன் கடையில் புதியது வாங்கலாம் என்றேன். வாண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "கடை ஃபில்டர் வேணாம். அப்பா செஞ்ச மாதிரியே வேணும்" என்கிறாள். அக்கா கண்மூடிய பிறகு அவள் அடம் பிடித்தது இதுதான் முதல் தடவை. அதனால் எனக்கு அதட்ட மனம் வரவில்லை.

"மீனுக்கு இருக்கிற மவுசு இந்த வீட்ல மனுஷனுக்கு இல்ல" என்று அப்பா முணுமுணுக்கிறார். ஆனால் வாளித் தண்ணீரை மாற்றுவது அவர்தான்.

எப்படிச் செய்வது என்று விவரமாக எழுதுங்கள். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற கைதான் எனக்கு, குழாய் அறுக்கிற கை இல்லை. குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொல்லுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
சின்னவள்

ஜூன் 27

அன்புள்ள சின்னவளுக்கு,

உன் கடிதம் தபால் வண்டியில் வந்தது. உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, வாய்க்கு ருசியாகச் சாப்பாடு இல்லை என்பதுதான் குறை. மாமாவின் இருமலுக்கு டாக்டரைப் பார்த்தாயா?

கவனமாகக் கேள். கட்டைவிரல் பருமனில் ஒரு பி.வி.சி. குழாய் வாங்கு. தொட்டி உயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக அறுத்துக்கொள். கீழ்ப்பக்கம் ஒரு விரல் நீளத்துக்குச் சுற்றிலும் ஓட்டை போடு. அடிவாயை மூடியால் அடைத்துவிட்டு, ஓட்டைகளை மூடுகிற மாதிரி ஸ்பாஞ்சைச் செருகு. காற்று டியூபை மேலிருந்து குழாய்க்குள் அடிவரை இறக்கு. அவ்வளவுதான் சமாச்சாரம். குமிழி ஏறும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு ஏறும். அந்த இடத்தை நிரப்ப ஸ்பாஞ்ச் வழியாக வேறு தண்ணீர் உள்ளே வரும். அழுக்கு ஸ்பாஞ்சிலேயே நின்றுவிடும்.

காற்று மோட்டாரைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வை. கீழே வைத்தால் கரண்ட் போகிற நேரத்தில் தண்ணீர் டியூப் வழியாகத் திரும்பி மோட்டாருக்குள் போய்விடும். அப்புறம் மோட்டாருக்கும் சேர்த்து அழ வேண்டியதுதான். ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவாதே. தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் அலசு. அதில் நல்ல கிருமிகள் குடியிருக்கின்றன. அதுகளை விரட்டினால் மீன் தாங்காது.

இங்கே சுரங்கத்துக்குள் காற்று அனுப்பும் மெஷினும் கேன்டீன் குளிர்அறையும் என் பொறுப்பு. மலைக்குள் ஆட்களுக்கு மூச்சு கொடுக்கிற வேலை. பெரிய சைஸ் மீன்தொட்டி என்று வைத்துக்கொள்ளேன்.

வாண்டுவுக்கு முத்தம்.

அன்புடன்,
அத்தான்

ஜூலை 22

அன்புள்ள அத்தானுக்கு,

எல்லோரும் சுகம். அப்பாவின் இருமல் மருந்தில் அடங்கியிருக்கிறது. நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா?

ஃபில்டர் ஓடுகிறது! கடையில் ஃபிரேமுக்கு ஓட்டை போடும் டிரில்லில்தான் குழாயைத் துளைத்தேன். முதலாளி பார்த்துவிட்டார். "இது யாருக்கும்மா கண்ணாடி, யானைக்கா?" என்றார். முதல் குழாய் பிளந்துவிட்டது. அடுத்ததில் ஓட்டைகள் பெரிதாகி, ஒரு மோலி உள்ளே புகுந்து மாட்டிக்கொண்டது. கடைசியில் சரியாக வந்தது. முதல் குமிழி ஏறியபோது வாண்டு கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றாள். "அப்பா சத்தம் கேக்குது" என்றாள். உங்கள் வீட்டில் அவள் தூங்கப் போகும்போது அந்தக் குமிழிச் சத்தம்தானே கேட்டுக்கொண்டிருக்கும்.

இன்னொரு செய்தி. அப்பா ஒரு வரன் கொண்டு வந்தார். பள்ளிக்கூட வாத்தியார், நல்ல மனிதர் மாதிரிதான் தெரிந்தார். இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வேறு காரணம் ஒன்றும் இல்லை. வாண்டுவை யார் பார்ப்பது? அப்பாவுக்குக் கோபம். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று எழுதுங்கள்.

பதில் எதிர்பார்க்கும்,
சின்னவள்

ஆகஸ்ட் 14

அன்புள்ள சின்னவளுக்கு,

கடிதம் படித்துச் சிரித்தேன். யானைக்குக் கண்ணாடி என்பதைக் கேன்டீனில் எல்லோருக்கும் சொன்னேன். நான் நலம். மெஷின் பிளேடு பட்டு உள்ளங்கை கிழிந்தது, கேம்ப் நர்ஸ் தையல் போட்டார்கள், ஆறிவிட்டது. பயப்பட ஒன்றுமில்லை.

இனி மேல்பெட்டி ஃபில்டருக்குப் போகலாம். தொட்டி மேல் உட்காருகிற மாதிரி ஒரு பிளாஸ்டிக் டப்பா எடு. அடியில் நிறைய ஓட்டை போடு. கீழே கூழாங்கல், நடுவில் உடைத்த செங்கல் துண்டு, மேலே ஸ்பாஞ்ச். தொட்டிக்குள் ஒரு சின்னத் தண்ணீர் மோட்டார் வைத்து டப்பாவுக்குத் தண்ணீர் ஏற்று. மழை மாதிரி சொட்டி இறங்கும். ஓட்டை போதாவிட்டால் டப்பா நிரம்பி வழியும், ஜாக்கிரதை.

சின்னவளே, நீ இல்லாவிட்டால் இந்தக் குடும்பம் நின்றிருக்காது. இதை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. அடுத்த வருஷம் சுரங்க வேலை முடிந்துவிடும். அப்புறம் எல்லோரும் ஒரே வீட்டில் இருக்கலாம். சுவர் அகலத்துக்கு ஒரு தொட்டி கட்டுகிறேன். கண்ணாடியை நீ தேய்த்துக் கொடு.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அத்தான்

செப்டம்பர் 16

அன்புள்ள அத்தானுக்கு,

கை முழுசாக ஆறிவிட்டதா? தையல் பிரித்தார்களா? எண்ணெய்க் கையோடு புண்ணைத் தொடாதீர்கள்.

மேல்பெட்டி செய்துவிட்டேன். நீங்கள் எச்சரித்தும் ஓட்டை போதவில்லை. நாங்கள் கடைத்தெருவுக்குப் போய்த் திரும்பினால் கூடம் முழுக்க ஈரம், அப்பாவின் செருப்பு இரண்டும் ஊறிக் கிடக்கின்றன. "மீன் தொட்டிக்குள்ள இருந்து பார்த்துச் சிரிக்குது, நான் வெறுங்காலோட நிக்கறேன்" என்றார். வாண்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இப்போது ஓட்டைகளைக் கூட்டிவிட்டேன். தண்ணீர் கண்ணாடிபோல இருக்கிறது. மோலி குட்டி போட்டிருக்கிறது.

வாண்டுவுக்குக் காய்ச்சல் வந்து சரியாகிவிட்டது. உங்களுக்கு எழுதிக் கவலைப்படுத்த வேண்டாம் என்றிருந்தேன்.

எல்லோரும் ஒரே வீட்டில் என்று எழுதியிருந்த இடத்தை வாண்டுவுக்குப் படித்துக் காட்டினேன். திரும்பப் படிக்கச் சொன்னாள், படித்தேன். அப்பாவுக்குப் படித்துக் காட்டவில்லை. அந்தக் கடிதத்தை மட்டும் தனியாக வைத்திருக்கிறேன்.

லீவு எப்போது கிடைக்கும்? ஒரு வாரமாவது வந்துவிட்டுப் போங்கள்.

உங்கள் வரவை எதிர்பார்க்கும்,
சின்னவள்

அக்டோபர் 6

அன்புள்ள அத்தானுக்கு,

அனைவரும் நலம். போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை, வேலை அதிகம்போலிருக்கிறது.

இது அவசரம். தொட்டியின் பின்பக்க மூலையில் தண்ணீர் கசிகிறது. லாரியில் குலுங்கியதில் அந்த ஒட்டு விட்டிருக்கும் என்று நினைக்கிறேன். துணி வைத்து அடைத்திருக்கிறேன், நிற்கவில்லை. எந்தப் பசை வாங்க வேண்டும்? உள்ளேயிருந்து ஒட்டுவதா, வெளியேயிருந்தா? எவ்வளவு நேரம் காய வேண்டும்?

இந்தக் கடிதம் கண்டவுடன் பதில் போடுங்கள். கீழே டவுனுக்கு யாராவது இறங்கினால் என் கடைக்குப் போன் செய்யச் சொன்னாலும் போதும்.

சின்னவள்

அக்டோபர் 25

அன்புள்ள அத்தானுக்கு,

உங்களுக்கு உடம்பு ஒன்றும் இல்லையே? முதலில் அதை எழுதுங்கள்.

கசிவு ஒழுக்காகிவிட்டது. காலையில் பார்த்தால் தொட்டி பாதிக்குக் கீழே இறங்கியிருக்கிறது. மீன்களை வாளிக்கு மாற்றி, குழாய் ஃபில்டரை அதில் போட்டிருக்கிறேன். ஏஞ்சல்களுக்கு வாளி போதவில்லை, துடுப்பு கிழிகிறது. இனியும் காத்திருக்க முடியாது. ஹார்டுவேர் கடைக்காரர் ஒரு சிலிகான் பசை காட்டினார். "பாத்ரூமுக்கே இதைத்தாம்மா போடறோம். வருஷக்கணக்கா பூஞ்சை பிடிக்காது" என்றார். நாளைக்கு நானே ஒட்டிவிடுகிறேன்.

தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே வாண்டு வாசலுக்கு ஓடுகிறாள்.

சின்னவள்

நவம்பர் 23

அன்புள்ள சின்னவளுக்கு,

கோபமாக இருப்பாய் என்று தெரியும். மலைப் பாதையில் மண்சரிவு. தபால் வண்டி மேலே ஏறவே இல்லை. உன் கடிதங்கள் எல்லாம் சேர்ந்து இப்போதுதான் கைக்கு வந்தன. நான் நன்றாக இருக்கிறேன், கொஞ்சம் சதை போட்டிருக்கிறேன்.

எதை வாங்கினாலும் பாத்ரூம் சிலிகானை மட்டும் வாங்காதே. பூஞ்சை பிடிக்காமல் இருக்க அதில் மருந்து கலந்திருக்கும், தண்ணீரில் இறங்கினால் மீன் பிழைக்காது. வெறும் கண்ணாடி சிலிகான் என்று கேள். பழைய பசையைப் பிளேடால் சுத்தமாகச் சுரண்டிவிட்டு உள்ளேயிருந்து ஒட்டு. புளித்த காடி மாதிரி ஒரு நெடி அடிக்கும். அது அடியோடு போகும்வரை தண்ணீர் விடாதே. நீ கெட்டிக்காரி, இதற்குள் சமாளித்திருப்பாய்.

வெல்டர் லீவில் போகிறார், உங்கள் ஊர் வழிதான். அவரிடம் வாண்டுவுக்கு ஒரு கவுன் கொடுத்தனுப்புகிறேன். இங்கே ஒருவர் தைத்தது. அளவு சரியாக இருக்கிறதா என்று எழுது.

அன்புடன்,
அத்தான்

டிசம்பர் 12

அத்தானுக்கு,

வாண்டு நலம். அப்பா நலம். கவுன் அளவு கச்சிதமாக இருக்கிறது.

பாத்ரூம் சிலிகானை வாங்காதே என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத்தான் ஒட்டப்போகிறேன் என்று அக்டோபரிலேயே எழுதியிருந்தேன். வாங்கிவிட்டேன். ஒட்டி, நன்றாகக் காயவிட்டு, தண்ணீர் நிரப்பி, நானும் வாண்டுவும் சேர்ந்துதான் மீன்களை விட்டோம். மோலிக் குட்டிகள் முதலில் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பசிக்கிறது என்று நினைத்து வாண்டு தீனி போட்டாள். ஏஞ்சல் இரண்டும் ஒருக்களித்துச் சாய்ந்தன. திரும்ப வாளியில் எடுத்துப் போட்டும் பிழைக்கவில்லை. ஒன்றுகூட மிஞ்சவில்லை.

"நீ அப்பாகிட்ட கேட்டியா?" என்று வாண்டு கேட்டாள்.

"கேட்டேன்."

"அப்பா என்ன எழுதினார்?"

அந்தப் பிள்ளையிடம் அப்பா பதிலே போடவில்லை என்று எப்படிச் சொல்வது? "அப்பா சரியாத்தான் எழுதினார். நான்தான் கடையில தப்பா வாங்கிட்டேன்" என்றேன். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவே இல்லை. தலை வாரவும் தாத்தாவிடம்தான் போய் நின்றாள். அவருக்குப் பின்னல் போடத் தெரியாது, கோணல் வகிடோடு பள்ளிக்கூடம் போய்வந்தாள். இப்போதுதான் ஒரு வார்த்தை, அரை வார்த்தை.

வெல்டர் அண்ணன் வந்தார். டீ கொடுத்து, "மண்சரிவுல ரொம்பக் கஷ்டப்பட்டீங்களாமே?" என்று விசாரித்தேன்.

"மண்சரிவா? இந்த வருஷம் மலையில மழையே இல்லையேம்மா. யார் சொன்னா?" என்றார். பிறகு கவுன் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். "நர்ஸம்மா கைவேலை இது. உங்க அத்தான் குடுத்து வச்சவரும்மா. கல்யாணத்துக்கு ஒரு மாசம் லீவு போட்டுட்டுப் போனார், திரும்பி வந்ததுல இருந்து முகமே களையா மாறிப்போச்சு." அப்புறம் என்னைப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியுமே" என்றேன். டம்ளரை வாங்கி அலம்பப் போனேன்.

அப்பாவுக்கு அரைகுறையாகத்தான் காதில் விழுந்தது. "யாருக்குக் கல்யாணம்ங்கறார்?" என்று இரண்டு மூன்று தடவை கேட்டார்.

வேறு விசேஷம் இல்லை.

சின்னவள்

ஜனவரி 9

அன்புள்ள சின்னவளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீங்கள் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும்.

எழுத வேண்டும் என்று எத்தனையோ தடவை உட்கார்ந்தேன். ஃபில்டர், பைப் என்றால் கை தானாக ஓடுகிறது, இதை எழுத ஓடவில்லை. கையில் தையல் போட்டதில் ஆரம்பித்த பழக்கம். அவளும் புருஷனை இழந்தவள். இந்த மலையில் சாயங்காலமானால் பேச ஒரு ஆள் கிடையாது. உனக்கு இது புரியாது. மாமாவிடம் நீயே பக்குவமாகச் சொல்.

நீ என்னைத் தப்பாக நினைக்க மாட்டாய். உன்னை எப்போதும் கூடப்பிறந்த தங்கச்சியாகத்தான் பார்த்திருக்கிறேன்.

வாண்டுவை அழைத்து வரச் சொல்லி அவளாகவே சொல்கிறாள். கீழே டவுனில் வீடு பார்த்திருக்கிறோம். பள்ளிக்கூடம் லீவு விட்டதும் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன். உனக்கும் பாரம் குறையும். மாமா கொண்டு வந்தாரே அந்த வாத்தியார் வரன், இன்னும் இருந்தால் யோசித்துப் பார். நல்ல இடம் மாதிரி தெரிகிறது.

மீனைப் பற்றி வருத்தப்படாதே. வேறு வாங்கிக்கொள்ளலாம்.

அன்புடன்,
அத்தான்

பிப்ரவரி 3

அத்தானுக்கு,

இருவரும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

அந்த வாத்தியாருக்குக் கல்யாணம் ஆகிவிட்டது.

அப்பாவிடம் சொன்னேன். இரண்டு வேளை சாப்பிடவில்லை. "குழந்தையை அனுப்பாதே. வந்து என்ன செய்யறான்னு பார்த்துடலாம்" என்கிறார். எனக்கும் அப்படித்தான் இருந்தது, மறைக்கவில்லை. சண்டை போட வார்த்தையெல்லாம் சேர்த்து வைத்திருந்தேன். வாண்டுவிடமே கேட்டுவிடலாம் என்று தலை வாரும்போது, "அப்பாகிட்ட போறியா?" என்றேன். முழுப் பின்னலும் என் கையிலிருந்து நழுவ அவள் திரும்பினாள். "அப்பா கூப்பிட்டாரா?" என்றாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகு சண்டை போட எனக்கு என்ன இருக்கிறது? வந்து கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே இன்னொருவர் இருக்கிறார் என்பதை மட்டும் நீங்களே உங்கள் வாயால் அவளுக்குச் சொல்லுங்கள். அதையும் என் தலையில் கட்டாதீர்கள்.

பாரம் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் ஒரு நாளும் அப்படி எழுதவில்லை.

எல்லோரும் ஒரே வீட்டில் என்று எழுதினீர்களே, அந்த எல்லோரும் யார் யார் என்று நான் அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

நீங்கள் வருகிற தேதியை அப்பாவுக்கு எழுதுங்கள். அன்றைக்கு எனக்குக் கடையில் வேலை இருக்கும்.

சின்னவள்

ஜூன் 20

அன்புள்ள சித்திக்கு,

நான் நல்லா இருக்கேன். நீ நல்லா இருக்கியா? தாத்தா நல்லா இருக்காரா? தாத்தா பஸ் ஸ்டாண்டுல அழுதார். நீ ஏன் வரல?

இங்க பள்ளிக்கூடம் பெரிசு. அப்பா கண்ணாடி வெட்டிப் புதுத் தொட்டி கட்டிட்டார், நம்ம தொட்டியைவிட ரொம்ப நீளம். ஏஞ்சல் வாங்கல, தங்கமீன் வாங்கினோம். ஒட்டறதுக்குப் பசை வாங்கக் கடைக்குப் போனப்ப நான் அப்பாகிட்ட, "நீங்க சரியாத்தான் எழுதினீங்க, சித்திதான் தப்பா வாங்கிட்டா, நீங்க பார்த்து வாங்குங்க"ன்னு சொன்னேன். அப்பா காசை எண்ணிக் குடுத்தார். பசையை வாங்கிட்டு வந்துட்டார்.

இங்க இருக்கறவங்க நல்லவங்கதான். எனக்கு ரெண்டு கவுன் தைச்சாங்க. அம்மான்னு கூப்பிட மாட்டேன்னு சொல்லிட்டேன். அப்பா, "அப்ப சித்தின்னு கூப்பிடு, எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவாங்க"ன்னார். சித்தி நீதானேன்னு கேட்டேன். அவங்களும் சித்திதானாம்.

ஒரு நாள் பள்ளிக்கூடத்துல கீழே விழுந்துட்டேன். முட்டியில ரத்தம் வந்துச்சு. வீட்டுக்கு வந்து சித்தின்னு கத்திட்டேன். நான் உன்னை நினைச்சுத்தான் கத்தினேன். அவங்க ஓடி வந்தாங்க. மருந்து போட்டாங்க. நான் உன்னைத்தான் கூப்பிட்டேன்னு அவங்ககிட்ட சொல்லல.

அவங்க சித்தின்னா உன்னை என்னன்னு கூப்பிடறது? சீக்கிரம் எழுது.

இப்படிக்கு,
வாண்டு

ஜூலை 5

அன்புள்ள வாண்டுவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கையெழுத்து முன்பைவிட நன்றாக இருக்கிறது. முட்டி ஆறிவிட்டதா? காய்ந்த பொருக்கைப் பிய்க்காதே. தாத்தா சுகமாக இருக்கிறார், உன் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறார். அன்றைக்கு எனக்குக் கடையில் வேலை. அதனால்தான் வர முடியவில்லை.

தங்கமீன் நிறைய அழுக்குப் பண்ணும். தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி மாற்றச் சொல். தீனியை அள்ளிப் போடாதே. பசையைப் பற்றி அப்பாவிடம் இனிமேல் ஒன்றும் கேட்க வேண்டாம், அவருக்குத் தெரியும்.

நீ கேட்டதற்குப் பதில். அவரைச் சித்தி என்றே கூப்பிடு. கூப்பிட்ட குரலுக்கு ஓடி வந்தார் இல்லையா, அவரைத்தான் அப்படிக் கூப்பிட வேண்டும். ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் உனக்குத்தான் குழப்பம்.

கடிதத்தின் மேலே, அன்புள்ள என்பதற்குப் பிறகு என்னை என்னவென்று எழுதுவது என்று தோன்றாவிட்டால் அந்த இடத்தில் ஒன்றும் எழுதாதே. உறை மேல் விலாசம் சரியாக இருந்தால் போதும், தபால்காரர் கொண்டுவந்து கொடுத்துவிடுவார்.

நன்றாகப் படி. நேரத்துக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
உன் அம்மாவின் தங்கை